அப்பாச்சி கிராஷ் ஆகிறது, கோர் டம்ப் கிடைக்கவில்லை

கேள்வி:
டெபியன் 12-ல் அப்பாச்சி வெப் சர்வர். நான் சி-யில் எழுதிய மாட்யூல் ஒன்றும் அதில் ஓடுகிறது. மூன்று நாட்களாக எரர் லாகில், சைல்டு ப்ராசஸ் சிக்னல் 11 (தவறான நினைவக அணுகல்) வாங்கிச் செத்ததாக வரி வரியாக வருகிறது. கோர் கோப்பின் (கிராஷ் நேரத்தில் ப்ராசஸின் நினைவகத்தைப் பதியும் கோப்பு) அளவு வரம்பை நீக்க டெர்மினலில் 'யூலிமிட் -சி அன்லிமிடெட்' கொடுத்து, சிஸ்டம்சிடிஎல் மூலம் ரீஸ்டார்ட் செய்தேன். கோர் கோப்பு எங்கும் இல்லை. எதை விட்டுவிட்டேன்?

பதில் 1:
யூலிமிட் அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து கிளம்பும் ப்ராசஸ்களுக்கும்தான் பொருந்தும். அப்பாச்சியைக் கிளப்புவது, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து, சர்வீஸ் பகுதியில் லிமிட்கோர்=இன்ஃபினிட்டி (கோர் கோப்புக்கு அளவு வரம்பில்லை) என்று சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோட் போதாது.

பதில் 2:
அது பாதிதான். அப்பாச்சி ரூட்டாகத் தொடங்கி வேறு யூசருக்கு மாறுகிறது. அப்படி மாறும் ப்ராசஸுக்கு லினக்ஸ் கெர்னல் கோர் டம்பை நிறுத்திவிடும். அப்பாச்சி கான்ஃபிக்கில் கோர்டம்ப்டைரக்டரி (டம்ப் விழும் கோப்புறை) என்று வெளிப்படையாகக் கொடுத்தால்தான் அப்பாச்சி கோர் டம்பைத் திரும்ப இயக்கும். அந்த யூசருக்கு அங்கே எழுத அனுமதியும் வேண்டும். அப்புறம், டம்ப் எங்கே, எந்தப் பெயரில் போகும் என்று சொல்லும் கெர்னலின் கோர்_பேட்டர்ன் அமைப்பைப் பாருங்கள். '|' என்று தொடங்கினால் டம்ப் கோப்பாக விழாது, வேறொரு நிரலுக்குப் போய்விடும்.

கேட்டவர்:
கோர்_பேட்டர்னில் 'கோர்' என்று மட்டும் இருக்கிறது. கோர்டம்ப்டைரக்டரிக்கு /டிஎம்பி (தற்காலிகக் கோப்புறை) கொடுத்தேன். இப்போது லாகில் 'கோர் டம்ப் /டிஎம்பி-யில் இருக்கலாம்' என்கிறது. போய்ப் பார்த்தால் காலி!

பதில் 2:
அந்தச் சர்வீஸில், அதற்கென்று தனி /டிஎம்பி தரும் ப்ரைவேட்டிஎம்பி அமைப்பைப் போட்டிருக்கும். அப்பாச்சி பார்க்கும் /டிஎம்பி வேறு, நீங்கள் பார்ப்பது வேறு. சர்வீஸை நிறுத்தியதும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் ரீஸ்டார்ட் செய்து செய்து டம்பை நீங்களே தொலைத்திருக்கலாம். /வார் கீழே தனிக் கோப்புறை வைத்து, அதை அந்த யூசருக்குச் சொந்தமாக்கி, அவர் மட்டும் அணுகும் 700 அனுமதி கொடுங்கள். அடுத்த கிராஷ் வரை காத்திருக்க வேண்டாம், ஒரு சைல்டுக்கு 'கில் -11' அனுப்பிச் சோதியுங்கள்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது! ஜிடிபி டீபகரில் 'பிடி ஃபுல்' போட்டு, எந்த ஃபங்ஷனில் கிராஷ் ஆனது என்று பார்த்தேன். யூசர்-ஏஜென்ட் ஹெடர் இல்லாத கோரிக்கை வந்தால் ஹெடரை எடுத்துத் தரும் ஏபிஆர்_டேபிள்_கெட் ஃபங்ஷன் நல் (வெற்று பாயிண்டர்) தருகிறது. அதை நான் சோதிக்காமல் அப்படியே, சரத்தின் நீளத்தை அளக்கும் எஸ்டிஆர்லென்னுக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வரியில் திருத்திவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில் 1:
நல்லது. அந்தக் கோர் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். சர்வரின் நினைவகம் அப்படியே அதில் இருக்கிறது, கடவுச்சொற்களும் டிஎல்எஸ் ப்ரைவேட் கீயும்கூட இருக்கலாம். வேலை முடிந்ததும் அழித்துவிட்டு, லிமிட்கோர் வரியையும் எடுத்துவிடுங்கள்.