ஜப்பான் ரயில் பாஸ்: தொடங்கும் தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டேன், இனி என்ன செய்யலாம்?

ஜன்னலோரம் (திங்கள், மாலை)

வணக்கம். இப்போது டோக்கியோவில் இருக்கிறோம். நான், மனைவி, 8 வயது மகள், 4 வயது மகன். நேற்று ஞாயிறு காலை நரிதா விமான நிலையத்தில் இறங்கினோம். ஜேஆர் கம்பெனி ரயில்களில் தனித்தனி டிக்கெட் இல்லாமல் போக உதவும் ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸுக்கான வவுச்சரை (கவுண்டரில் கொடுத்துப் பாஸாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) முன்பே வாங்கி வைத்திருந்தேன். இரவு முழுக்க விமானத்தில் தூக்கமில்லை. கவுண்டரில் இருந்த பெண் காலண்டரை என் பக்கம் திருப்பி, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டார். டோக்கியோ போகும் நரிதா எக்ஸ்பிரஸ் ரயிலில் அப்படியே ஏறிவிடலாமே என்ற நினைப்பில் “இன்றிலிருந்தே” என்று விரலை வைத்துவிட்டேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டுத்தான் அச்சடித்தார். தப்பு முழுக்க என்னுடையது.

ஹோட்டலுக்கு வந்து தூங்கி எழுந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் திட்டம் இது: புதன் இரவு வரை டோக்கியோ. வியாழன் கியோட்டோ, இரண்டு இரவு. சனி ஹிரோஷிமா, இரண்டு இரவு. திங்கள் டோக்கியோ திரும்பி, செவ்வாய் விமானம். பாஸோ இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோ திரும்பும் நீண்ட பயணம் பாஸுக்கு வெளியே போய்விட்டது. தேதியை மாற்ற வழி உண்டா?

இரண்டாவது சிக்கல் சின்னது, ஆனால் எரிச்சல். இன்று கமகுரா போனோம். உயேனோ நிலையத்தில் கைப்பழக்கத்தில் பாஸுக்குப் பதிலாக, பணம் போட்டு வைத்துக் கட்டணம் கட்டும் சுய்கா கார்டைத் தட்டி உள்ளே போய்விட்டேன். கமகுராவில் பாஸைச் செருகினால் கேட் மூடிக்கொண்டு கத்துகிறது. ஓரத்தில் நின்ற ஊழியர் பாஸைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி வெளியே விட்டார். பெரிய புத்தரைப் பார்க்க எனோடென் என்ற தனியார் ரயிலுக்குப் போனால், அங்கே சுய்கா வேலை செய்யவில்லை. காசு போட்டு டிக்கெட் எடுத்தோம். இப்போது மெட்ரோவிலும் அதே கதை. கார்டில் 4,000 யென் இருக்கிறது. பழுதாகிவிட்டதா?

ரயில்பித்தன் (திங்கள், மாலை)

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: முடியாது. தேதி அச்சான பிறகு மாற்றித் தர மாட்டார்கள். பாஸ் தொடங்கும் நாளுக்கு முன்பே போயிருந்தால் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்திருப்பார்கள். தொடங்கிவிட்டால் அதுவும் இல்லை. கணக்கு காலண்டர் நாள்படிதான். நீங்கள் ஞாயிறு காலை 10 மணிக்கு எடுத்திருந்தாலும் சனி நள்ளிரவோடு முடிந்தது.

அடுத்த முறைக்காகச் சொல்லி வைக்கிறேன்: வவுச்சரை விமான நிலையத்திலேயே மாற்றிக்கொண்டாலும், அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் எந்த நாளை வேண்டுமானாலும் தொடக்கமாகக் கேட்கலாம்.

என் யோசனை: வியாழன் கியோட்டோ போங்கள். வெள்ளி அங்கிருந்து ஹிரோஷிமாவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்புங்கள், ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. சனி டோக்கியோ. எல்லாம் பாஸுக்குள் அடங்கிவிடும்.

ஜன்னலோரம் (திங்கள், மாலை)

நன்றி. ஆனால் ஹிரோஷிமா தங்குமிடம்தான் இடிக்கிறது. ரத்து செய்தால் பணம் திரும்பாது. அதோடு சின்னவனை வைத்துக்கொண்டு பக்கத்துத் தீவான மியாஜிமாவையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியும் என்று தோன்றவில்லை.

யோகோஹாமாவாசி (திங்கள், இரவு)

சுய்கா பழுதாகவில்லை. கார்டைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் உயேனோவுக்குள்தான் நிற்கிறீர்கள். உள்ளே போன பதிவு இருக்கிறது, வெளியே வந்த பதிவு இல்லை. அதைச் சரிசெய்யும் வரை எந்தக் கம்பெனியின் கேட்டும் திறக்காது. மெட்ரோ ஊழியரிடம் மல்லுக்கட்ட வேண்டாம், பதிவு போட்டது ஜேஆர் கேட். நாளைக் காலை உயேனோவிலேயே ஆள் நிற்கும் கேட்டுக்குப் போய் சுய்கா, பாஸ் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். “உயேனோ, கமகுரா, ஜேஆர் பாஸ்” என்ற மூன்று சொல் போதும். பதிவை அழித்துத் தருவார்கள், அல்லது அந்தப் பயணக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள். ஒரு நிமிட வேலை.

இனிமேல் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். எதைக் காட்டி உள்ளே போனீர்களோ அதைக் காட்டித்தான் வெளியே வர வேண்டும். ஜேஆர் என்றால் பாஸ். மெட்ரோ, எனோடென் மாதிரி தனியார் ரயில்கள் என்றால் சுய்கா. நான் என் விருந்தாளிகளிடம் பாஸை இடது பையிலும் சுய்காவை வலது பையிலும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கேலிதான் செய்வார்கள், ஆனால் மாட்டிக்கொள்வதில்லை.

இப்போது பெரிய விஷயம். உங்கள் திட்டத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கியோட்டோ வியாழன், வெள்ளி இரவுகள். அதைத் தொடவே வேண்டாம்! ஹிரோஷிமாவின் இரண்டு இரவுகளை மட்டும் சனி, ஞாயிறிலிருந்து செவ்வாய், புதனுக்குத் தூக்கிப் போடுங்கள். அதாவது நாளையே ஹிரோஷிமா கிளம்புகிறீர்கள். வியாழன் அங்கிருந்து கியோட்டோ. சனி கியோட்டோவிலிருந்து டோக்கியோ, பாஸின் கடைசி நாளில். மீதி டோக்கியோவை ஞாயிறும் திங்களும் சுற்றிக்கொள்ளலாம், நகரத்துக்குள் அலைய பாஸ் எதற்கு?

தங்குமிடத்தாரிடம் “ரத்து” என்று சொல்லாதீர்கள். தேதியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வார இறுதி அறையை விட்டுவிட்டு வார நாளுக்கு வருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். உங்கள் ஹோட்டல் வரவேற்பில் இருப்பவரையே ஜப்பானிய மொழியில் போன் செய்யச் சொல்லுங்கள்.

ஜன்னலோரம் (திங்கள், இரவு)

கியோட்டோ அசையவே வேண்டாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை! வரவேற்பில் கேட்கப் போகிறேன்.

மூட்டைமுடிச்சு (திங்கள், இரவு)

ஒரு எச்சரிக்கை. ஹிரோஷிமாவுக்கு நேராகப் போகும் வண்டி என்று நொசோமி என்ற ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) வண்டியில் ஏறிவிடாதீர்கள். அதில் பாஸ் செல்லவே செல்லாது.

ரயில்பித்தன் (திங்கள், இரவு)

அது பழைய விதி. 2023 அக்டோபரிலிருந்து நொசோமி, மிசுஹோ என்ற இரண்டு வேக வண்டிகளிலும் பாஸோடு போகலாம், ஆனால் தனியாக ஒரு கூடுதல் டிக்கெட் முன்கூட்டியே வாங்க வேண்டும். டோக்கியோ – கியோட்டோவுக்கு 4,960 யென், டோக்கியோ – ஹிரோஷிமாவுக்கு 6,500 யென், குழந்தைக்குப் பாதி. உங்கள் குடும்பத்துக்கு 16,250 யென் வருகிறது. மிச்சமாவது ஒரு மணி நேரம். நான் கொடுக்க மாட்டேன்.

அந்தக் கூடுதல் டிக்கெட் இல்லாமல் ஏறினால்தான் வம்பு. அதனால் மூட்டைமுடிச்சு சொன்னதில் பாதி உண்மை: ஒரே பிளாட்பாரத்தில் சில நிமிட இடைவெளியில் நொசோமியும், பாஸ் மட்டும் போதும் என்ற ஹிகாரி வண்டியும் வரும். பலகையில் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

பாஸுக்குள் போகும் வழி இது: டோக்கியோவிலிருந்து ஹிகாரி. ஷின்-கோபேயிலோ ஷின்-ஒசாகாவிலோ இறங்கி சகுரா என்ற வண்டி. மொத்தம் ஐந்து மணி நேரம் போல ஆகும். ஒகயாமா வரை போகும் ஹிகாரியாகப் பிடித்து ஷின்-கோபேயில் மாறுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டாம், இறங்கிய பிளாட்பாரத்திலேயே சகுரா வந்து நிற்கும். சகுராவின் முன்பதிவுப் பெட்டிகளில் பக்கத்துக்கு இரண்டு இரண்டு இருக்கைதான், அகலமாக இருக்கும்.

இருக்கை முன்பதிவுக்குக் காசு இல்லை. டிக்கெட் அலுவலக வரிசை நீளமாக இருந்தால் இருக்கை பதிவு செய்யும் இயந்திரத்தில் நீங்களே போடலாம். பாஸ்போர்ட் எண்ணைக் கேட்கும். கேட்டில் பாஸை மட்டும் செருகுங்கள். இருக்கைச் சீட்டைச் செருக வேண்டாம், அது கையில் இருக்கட்டும்.

சின்னவனுக்கு 6 வயது ஆகாததால் டிக்கெட் தேவையில்லை, ஆனால் தனி இருக்கையும் கிடையாது. ஐந்து மணி நேரம் மடியில் தாங்காது என்றால் முன்பதிவில்லாப் பெட்டியில் சீக்கிரமே போய் உட்காருங்கள். அங்கே காலி இருக்கை இருந்தால் அவனும் உட்காரலாம்.

மூட்டைமுடிச்சு (திங்கள், இரவு)

திருத்தியதற்கு நன்றி, நான் போனது 2019-இல். சாமான் பெட்டி விஷயத்திலாவது எனக்கு அனுபவம் உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், ரயில் பெட்டியின் கடைசி வரிசை இருக்கையை அதன் பின்னுள்ள சாமான் வைக்கும் இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கும் காசில்லை. பதிவு செய்யாமல் கொண்டுபோனால் 1,000 யென் கேட்பார்கள். சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளக்க வேண்டும், நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். டோக்கியோவுக்குத்தானே திரும்பி வருகிறீர்கள்? பெரிய பெட்டியை அந்த ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு)

வெந்த புண்ணில் வேல் என்று நினைக்க வேண்டாம், பின்னால் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஏழு நாள் சாதாரண பாஸ் 2023 செப்டம்பர் வரை 29,650 யென். அக்டோபர் 1-லிருந்து 50,000. டோக்கியோ – கியோட்டோ 13,000-த்துச் சொச்சம், கியோட்டோ – ஹிரோஷிமா 11,000-த்துச் சொச்சம், ஹிரோஷிமா – டோக்கியோ 19,000-ஐ ஒட்டி. கூட்டினால் 44,000 பக்கம் வரும். நரிதா எக்ஸ்பிரஸ் 3,000-த்துச் சொச்சம். கமகுரா, மியாஜிமா சில்லறைகளையும் சேர்த்தால்தான் பாஸ் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஜப்பான் என்றால் பாஸ் என்பது 29,650 காலத்துப் பேச்சு.

ஆனால் வாங்கியாயிற்று. அதனால் யோகோஹாமாவாசி சொன்ன மாற்றம் முக்கியம். இல்லையென்றால் திரும்பும் பயணத்துக்கு மட்டும் இரண்டரை டிக்கெட், 47,000 யென்னுக்கு மேல் கையைவிட்டுப் போகும். டோக்கியோவில் சனி, ஞாயிறு இரண்டு இரவு புதிதாக அறை எடுத்தாலும் அதைவிடக் குறைவாகவே முடிக்கலாம்.

ஹிரோஷிமா, கியோட்டோ பக்கம் மட்டுமே சுற்றுபவர்கள் கன்சாய்–ஹிரோஷிமா பகுதி பாஸைப் பாருங்கள், ஐந்து நாளுக்கு 17,000 யென். அதில் ஷின்-ஒசாகா – ஹிரோஷிமா ஷிங்கான்சென் அடக்கம். ஷின்-ஒசாகா – கியோட்டோ ஷிங்கான்சென் மட்டும் அடங்காது, அந்தத் துண்டுக்குச் சாதாரண ஜேஆர் ரயிலில் போய்க்கொள்ள வேண்டியதுதான்.

ஜன்னலோரம் (செவ்வாய், காலை)

ஹிகாரியிலிருந்து எழுதுகிறேன்.

ராத்திரி ஹோட்டல் வரவேற்பில் இருந்த இளைஞர் போன் செய்து பத்து நிமிடம் பேசினார். பேசும்போதே போனுக்குக் குனிந்து குனிந்து வணக்கம் வைத்தார். ஹிரோஷிமா தங்குமிடத்தார் செவ்வாய், புதனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், கூடுதல் பணம் இல்லை. டோக்கியோ ஹோட்டலில் விட்ட இரண்டு இரவுகளை அவர்களே சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள், வார இறுதி விலை வித்தியாசத்தை மட்டும் கட்டினேன். பெரிய பெட்டி அவர்கள் அறையில்.

உயேனோவில் சுய்காவும் சரியாகிவிட்டது. கேட் ஓரத்தில் இருந்தவர் கார்டை ஒரு கருவிமேல் வைத்தார், பாஸைப் பார்த்தார், இரண்டு பொத்தான் தட்டினார், அவ்வளவுதான். பணமும் கழிக்கவில்லை.

டோக்கியோ நிலையத்தில் புதிதாக ஒன்று: மகள் தானே செருகுவேன் என்று பாஸைப் போட்டாள். கேட் திறந்ததும் குடுகுடுவென்று ஓடிவிட்டாள். பாஸ் மறுமுனையில் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது! பின்னால் வந்த யாரோ ஒரு அம்மா ஓடிவந்து கொடுத்தார். தொலைந்தால் மறுபடி தர மாட்டார்களாமே, இனி பாஸ் என் கையில்தான்.

இரண்டு கேள்வி. மியாஜிமா படகுக்கும் பாஸ் செல்லுமா? அப்புறம், ஃபூஜி மலை தெரியும் என்று ஜன்னலோர E இருக்கையாகத்தான் போட்டேன், முழுக்க மேகம். சனிக்கிழமை திரும்பும்போது எந்தப் பக்கம்?

யோகோஹாமாவாசி (செவ்வாய், காலை)

நல்ல செய்தி. மியாஜிமாகுச்சி வரை ஜேஆர் ரயில், அங்கிருந்து பத்து நிமிடப் படகு. துறையில் இரண்டு கம்பெனிப் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஜேஆர் படகில்தான் பாஸ் செல்லும். தீவுக்குள் போகும் வரி தலைக்கு 100 யென், அது பாஸில் சேராது. பள்ளி சேராத சின்னவனுக்கு அதுவும் இல்லை. ஹிரோஷிமா நகரத்துக்குள் டிராமில் பாஸ் செல்லாது. ஷிங்கான்சென் வாசலிலிருந்து கிளம்பும் சுற்றுலா வட்டப் பேருந்தில் செல்லும், அமைதிப் பூங்காவுக்கு அதிலேயே போகலாம்.

இருக்கை திரும்பும்போதும் E தான். எழுத்து மாறாது, வண்டி போகும் திசைதான் மாறும், அதனால் மலை இடது கைப் பக்கம் வரும். ஷின்-ஃபூஜி நிலையத்தை ஒட்டித்தான் நன்றாகத் தெரியும். இருட்டுவதற்குள் அங்கே வர வேண்டும் என்றால் கியோட்டோவை மதியம் 2 மணி வாக்கில் விட்டுவிடுங்கள். கடைசி நாள்தானே என்று மாலை வரை இழுக்காதீர்கள்.

ஜன்னலோரம் (செவ்வாய், காலை)

ஷின்-கோபே வருகிறது, இறங்குகிறோம். சனிக்கிழமைக்கு 2 மணி ஹிகாரி, E வரிசை, இயந்திரத்தில் இன்றைக்கே போட்டுவிடுகிறேன்.