களப்பணிக்குப் போனவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். ஒரு கிராமத்தில் தங்கி, மக்களோடு பழகிப் பார்த்து எழுத வேண்டிய ஆய்வு. பங்கேற்பு உற்றுநோக்கல் என்று பாடத்தில் படித்தபோது எளிதாகத்தான் தெரிந்தது.

சிக்கல், நான் தங்கியிருக்கும் வீடு. தெரிந்த ஆசிரியர் ஒருவர் மேலத்தெருவில் இடம் பிடித்துக் கொடுத்தார். காலனிப் பக்கம் போனால் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள், கலர் வாங்கித் தருகிறார்கள். "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நோட்டை எடுத்தால் அதுவும் இல்லை.

1961-62இல் தஞ்சை மாவட்டத்தில், ஸ்ரீபுரம் என்று தானே மாற்றுப்பெயர் வைத்த கிராமத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் ஆய்வு செய்தார். தங்கியது அக்ரகாரத்தில். அதனால் சேரியில் இயல்பாகப் பழக முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். படித்திருந்தும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

பாதியில் வீடு மாறலாமா, அது மேலத்தெருக்காரர்களைப் புண்படுத்துமா? அப்புறம், நோட்டே எடுக்காமல் பேசிவிட்டு இரவில் நினைவிலிருந்து எழுதினால், அதை எவ்வளவு தூரம் தரவாக நம்பலாம்? அந்த மக்கள் சொல்லாததை நானாக எழுதிவிடக் கூடாது. அனுபவம் உள்ள அக்கா, அண்ணன்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.