ரமலான் முடிந்ததும் ஈமான் (இறைநம்பிக்கை) தளர்கிறது: ஷிஃப்ட் வேலைக்காரர் எதை முதலில் பிடிப்பது?

ஆம்பூர்_தையல்பிரிவு:

அஸ்ஸலாமு அலைக்கும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. காலை 8:30 முதல் மாலை 5:30 வரை, மதியம் அரை மணி நேரம் இடைவேளை. ரமலானில் தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை), குர்ஆன், தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) எல்லாம் நடக்கிறது. அடுத்த மாதமான ஷவ்வால் பாதி தாண்டுவதற்குள் ஐந்து வேளைத் தொழுகை மட்டும்தான் மிஞ்சுகிறது, அதிலும் மனம் நிற்பதில்லை. இரண்டு வருடக் களாவும் (விட்டுப்போன தொழுகைகளும்) பாக்கி. எழுத்துக் கூட்டி ஓத வரும், பொருள் தெரியாது. எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசல் பகுதியில்) ஜும்ஆ பயான் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு) உருதுவில் என்பதால் பாதிதான் புரியும். எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் மனைவிக்கும் இதே கேள்வி. ஹனஃபி சட்டப்பள்ளி முறைப்படி சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

வ அலைக்குமுஸ்ஸலாம் பாய். ஈமான் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நபித்தோழர் ஹன்ழலா (ரலி) அவர்களே "ஹன்ழலா முனாஃபிக் (நயவஞ்சகர்) ஆகிவிட்டார்" என்று அழுதவர். நபி (ஸல்) அவர்களின் சபையில் சொர்க்கமும் நரகமும் கண்ணால் பார்ப்பதுபோல் இருக்கிறது, வீட்டுக்குப் போனால் மனைவி மக்களில் மூழ்கி மறந்துவிடுகிறோம் என்றார். எந்நேரமும் ஒரே நிலையில் இருந்தால் மலக்குகள் (வானவர்கள்) உங்கள் கையைப் பிடித்து ஸலாம் சொல்வார்கள், ஆனால் இதற்கொரு நேரம் அதற்கொரு நேரம் என்று பதில் வந்தது. ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கும் ஹதீஸ் (நபிமொழி). ஆகவே இறக்கம் வரத்தான் செய்யும். எவ்வளவு இறங்கினாலும் எதற்குக் கீழே போகமாட்டேன் என்பதை நல்ல நிலையில் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

அந்த எல்லை: ஐந்து ஃபர்ளு (கட்டாயத் தொழுகை), வித்ரு (இஷாவுக்குப் பின் தொழும் 3 ரக்அத்), பன்னிரண்டு ரக்அத் முஅக்கதா சுன்னத் (வலியுறுத்தப்பட்ட சுன்னத்). ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று. சுபுஹுக்கு (அதிகாலை) முன் 2, லுஹருக்கு (மதியம்) முன் 4, பின் 2, மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும்) பின் 2, இஷாவுக்கு (இரவு) பின் 2. தஹஜ்ஜுத் போகலாம், வரலாம். இது போகக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து எட்டு ரக்அத் தொழுதுவிட்டுப் படுத்து சுபுஹு ஜமாஅத்தை (கூட்டுத் தொழுகையை) விட்டுவிடுகிறார்கள். அது வளர்ச்சி இல்லை.

இடைவேளையில் முதலில் தொழுகை, பிறகு சாப்பாடு. லுஹருக்குப் பத்து ரக்அத், நிதானமாகத் தொழுதாலும் பதினைந்து நிமிடத்தில் முடியும். ஆனால் பசி வயிற்றைக் கிள்ளும்போது சோறு முன்னால் இருந்தால், நாலு கவளம் சாப்பிட்டுவிட்டே நில்லுங்கள். மனம் சோற்றில் இருக்கும் தொழுகை வேண்டாம்.

பிற்பகல் தொழுகையான அஸர்தான் உங்கள் வேலையில் ஆபத்து. கோடையில் 5:30க்கு வெளியே வந்தும் தொழலாம், சூரியன் 6:30க்கு மேல்தான் மறையும். கார்த்திகை, மார்கழியில் 5:45 முதல் 6 மணி வாக்கில் மறைந்துவிடும், கேட்டைத் தாண்டும்போதே வெயில் மஞ்சளாகியிருக்கும். அவ்வளவு தாமதிப்பது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் சூப்பர்வைசரிடம் ஏழு நிமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ளு நாலு ரக்அத்துக்கு அது போதும்.

இன்னொன்று, ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தம் செய்வது). ஷூ ஒட்டும் பசை விரலில் காய்ந்து படலமாக இருந்தால் அதன் அடியில் தண்ணீர் போகாது, ஒளு நிறைவேறாது. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து உரித்துவிடுங்கள். தோல் சாயம் படலம் இல்லாமல் வெறும் கறையாகப் படிந்திருந்தால் குற்றமில்லை. டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை செய்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கறை போகவில்லை என்று தொழுகையையே விடுகிறார்கள். அது வேதனையான விஷயம்.

இதற்கு மேல் ஒரே ஒரு வழமை சேர்த்துக்கொள்ளுங்கள், குர்ஆன். 15 வரி முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) அறுநூறு பக்கச் சொச்சம். சுபுஹுக்குப் பின் ஒரு பக்கம், இஷாவுக்குப் பின் ஒரு பக்கம் என்றால் பத்து மாதத்தில் ஒரு கத்தம் (முழுக் குர்ஆனையும் ஓதி முடிப்பது), ஷவ்வாலில் தொடங்கினால் ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஅபானுக்குள் முடியும். தமிழ் எழுத்தில் அச்சிட்டதைப் பார்த்து ஓத வேண்டாம், ஸீன், ஸாத், ஸே மூன்றும் அதில் ஒன்றாகிவிடும். ஒரு நாள் இரவுப் பங்கு தவறினால் மறுநாள் சுபுஹுக்கும் லுஹருக்கும் இடையில் ஓதிவிடுங்கள், இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்று ஹதீஸ் இருக்கிறது. ஒரு வாரம் தவறினால் பதினாலு பக்கத்தையும் சேர்த்து ஓதி ஈடுகட்ட நினைக்காதீர்கள். அந்தப் பாரம்தான் ஆளை மொத்தமாக நிறுத்திவிடுகிறது. விட்ட இடத்திலிருந்து ஒரு பக்கம் போதும்.

மக்தப்_வேலூர்:

பாய் சொன்னதோடு களா. ஒரு நாள் களா என்பது 17 ஃபர்ளு, 3 வித்ரு, ஆக 20 ரக்அத். ஒவ்வொரு ஃபர்ளோடும் அதே வேளையின் களா ஒன்று தொழுதால் இரண்டு வருடப் பாக்கி இரண்டு வருடத்தில் தீரும். லுஹர் இடைவேளையில் நேரம் பற்றாது, அந்தக் களாவை இஷாவுக்குப் பின் தள்ளுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் "என் பொறுப்பில் உள்ள முதல் சுபுஹு" என்று நிய்யத் (மன எண்ணம்) வையுங்கள். ஆறு வேளைக்கு மேல் பாக்கி இருப்பதால் வரிசை கட்டாயமில்லை. நோட்டில் ஐந்து வேளைக்கும் வித்ருக்கும் தனித்தனியாகக் கோடு போட்டு வாருங்கள், கணக்கு தெரியாமல் போனதால்தான் பாதியில் விடுகிறார்கள். முஅக்கதா சுன்னத்தை விட்டுக் களா தொழ வேண்டாம், மற்ற நஃபிலைவிட (உபரித் தொழுகையைவிட) களா முக்கியம்.

பொருள் புரிய: முழு தப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) இறங்காதீர்கள். தொழுகையில் நீங்கள் சொல்வதை மட்டும் முதலில் படியுங்கள். ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்), ருகூஃ (குனிதல்), ஸஜ்தா (சிரம் பணிதல்) இரண்டிலும் சொல்லும் தஸ்பீஹ் (துதி), அத்தஹிய்யாத் (அமர்வில் ஓதுவது), ஸலவாத் (நபி மீதான வாழ்த்து), குனூத் (வித்ரில் ஓதும் துஆ), பிறகு ஃபீல் முதல் நாஸ் வரை பத்து சூரா (அத்தியாயம்). நாளுக்கு ஒரு ஆயத் (வசனம்) என்றால் ஃபாத்திஹாவுக்கு ஒரு வாரம். ஏ.கே. அப்துல் ஹமீது பாகவியின் தர்ஜமா (தமிழ் மொழிபெயர்ப்பு) கைக்கு அடக்கமாக இருக்கும். பயான் பிரச்சனைக்கு வழி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது: வேலூர் பாகியாத், உமராபாத் தாருஸ்ஸலாம் அரபிக் கல்லூரிகளில் ஓதி வந்த தமிழ் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சுற்றுவட்டாரத்தில் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து முத்தவல்லியிடம் (பள்ளிவாசல் நிர்வாகியிடம்) கேட்டால், வாரம் ஒரு நாள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தமிழில் பாடம் வைக்கலாம்.

உம்மு_ஹனா:

அண்ணி கேட்டதற்கு. பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில்தான் தொடர் அறுகிறது. அந்த நாட்களில் தொழுகையும் குர்ஆன் ஓதுவதும் இல்லை, ஆனால் பாங்கு கேட்டதும் ஒளு செய்துகொண்டு, தொழும் இடத்தில் தொழுகை நேர அளவு உட்கார்ந்து தஸ்பீஹ் சொல்வது விரும்பத்தக்கது என்று ஹனஃபி ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) இருக்கிறது. வழமை விட்டுப் போகாமல் இருக்கத்தான். இஸ்திஃபார் (பாவமன்னிப்பு வேண்டல்) 100, ஸலவாத் 100 வைத்துக்கொள்ளலாம். துஆ எல்லாம் தாராளமாகக் கேட்கலாம், தமிழிலேயே.

மனம் நிற்க ஒரு வழி: ஃபாத்திஹாவை ஒரே மூச்சில் ஓதாமல் ஏழு ஆயத்துக்கும் ஏழு இடத்தில் நிறுத்துங்கள். "அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்றதும் "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்று அல்லாஹ் பதில் சொல்வதாக ஹதீஸ் குத்ஸியில் (அல்லாஹ் கூறியதாக நபி சொன்ன ஹதீஸில்) வருகிறது. அந்தப் பதிலுக்கு இடம் விடுங்கள். ருகூஃவிலிருந்து நிமிர்ந்து எலும்பெல்லாம் தன் இடத்துக்கு வந்த பிறகே ஸஜ்தாவுக்குப் போங்கள். இந்த நிதானம் ஹனஃபியில் வாஜிப் (ஃபர்ளுக்கு அடுத்த நிலைக் கட்டாயம்).

நாவையும் சேர்த்துப் பாருங்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு வந்தும் ஒருவரைத் திட்டியதற்கும் இன்னொருவர் பொருளைத் தின்றதற்கும் நன்மைகளை இழப்பவனைத்தான் நபி (ஸல்) அவர்கள் 'முஃப்லிஸ்' (திவாலானவன்) என்றார்கள். மாமியார் வீட்டுக் கதை, வாங்கித் திருப்பாத கைமாற்று, பங்குதாரருக்குக் காட்டாத கணக்கு எல்லாம் இதில் வரும். இமாம் கஸ்ஸாலி சொல்லும் முஹாஸபா (தன்னைத் தானே கணக்குக் கேட்பது) இதற்குத்தான்: படுக்கும் முன் மூன்று நிமிடம், இன்று யாருக்கு என்ன பாக்கி என்று கேட்டுக்கொள்வது.

ஆம்பூர்_தையல்பிரிவு:

ஜஸாக்குமுல்லாஹு கைரா. தஹஜ்ஜுத் நேரத்தில் களா தொழலாமா? இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கு எத்தனை மணிக்குத் தொடங்கும்?

மக்தப்_வேலூர்:

தாராளமாக. மஃரிப் 6:20, சுபுஹு 5:05 என்று வைத்தால் இரவு 10 மணி 45 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு 3 மணி 35 நிமிடம், அப்படியானால் 1:30க்குத் தொடங்குகிறது. வேலைக்குப் போகிறவர் 4:40க்கு எழுந்தால் போதும். விழிப்போம் என்ற உறுதி இல்லாவிட்டால் வித்ரைத் தூங்கும் முன்பே தொழுதுவிடுங்கள்.

களாவுக்குக் கூடாத நேரம் மூன்றுதான்: சூரியன் உதித்து சுமார் இருபது நிமிடம் வரை, உச்சியில் நிற்கும்போது, மஞ்சளாகி மறையும் வரை. சுபுஹுக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் நஃபில் கூடாது, களா கூடும். ஆனால் அந்த நேரத்தில் பள்ளியில் எல்லோர் முன்னும் நின்றால் களா என்று தெரிந்துவிடும். தொழுகையை விட்டது பாவம், அதை ஊருக்குக் காட்ட வேண்டாம். வீட்டில் தொழுங்கள்.