டர்போவா, வேறு என்ஜினா? பழைய வண்டிக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

எங்கள் வீட்டு அம்பாசடர் அப்பா காலத்துப் பெட்ரோல் வண்டி, 1489 சிசி. ஓட்டச் சுகம்தான், ஆனால் பர்லியார் தாண்டிக் குன்னூர் ஏறும்போது நாலு பேரும் சாமானும் இருந்தால் இரண்டாவது கியரை விட்டு நகராது, பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி, வைக்கலாமா என்று கோவையில் தெரிந்த பட்டறையில் கேட்டேன். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்ரேட்டரையும் அதை ஒட்டியே இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் காட்டினார். இந்த என்ஜினில் காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம். பழுக்கச் சூடாகிற டர்போவும் அங்கேயே உட்கார்ந்தால் பெட்ரோல் கொதித்து வண்டி நடு மலையில் நின்றுவிடும். அதைக்கூடத் தகடு வைத்து மறைத்துச் சமாளிக்கலாமாம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்க மூணே மூணு மெயின் பேரிங், டர்போவின் கூடுதல் அழுத்தத்தை அது தாங்காதே, அதற்கு என்ன செய்வது?

1980களில் இங்கிலாந்தில் எம்ஜி மெட்ரோவின் 1275 சிசி என்ஜினுக்கு டர்போ வைத்து 93 குதிரைத்திறன் எடுத்தார்கள். அதற்கே லோட்டஸ் ஆட்களைக் கூட்டி வந்து கிராங்கையும் வால்வையும் பலப்படுத்தினார்கள், அப்படியும் கியர்பாக்ஸ் தாங்காது என்று கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்டை (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை) அடக்கியே வைத்தார்கள். கம்பெனிக்கே அந்தப் பாடு.

அதனால் சென்னை புதுப்பேட்டையில் தேடி, அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டசா காரில் வந்த இசுசு 1817 சிசி என்ஜினை ஐந்து கியர் பெட்டியோடு வாங்கினேன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் இந்த என்ஜினைப் போட்டு 1800 ஐஎஸ்இசட் என்று அம்பாசடரை விற்றது, அதனால் மவுண்டிங் முதல் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வரை தேடினால் கம்பெனி பாகமே கிடைக்கிறது. என் வண்டியில் நாலு சக்கரமும் டிரம் பிரேக், இறக்கத்தை நினைத்து, பிரேக்கை லேசாக மிதித்தாலே அழுத்தம் கூட்டித் தரும் சர்வோவும் போட்டாயிற்று. செலவு டர்போவுக்குச் சொன்னதைவிடக் கூடத்தான். அதே ஏற்றம் இப்போது மூணாவது கியரில் அலுங்காமல் ஏறுகிறது.

——

அண்ணா, பெட்ரோலுக்கு நீங்கள் சொல்வது சரி. டீசல் கதை வேறு. என்னுடையது மஹிந்திரா எம்எம்540 ஜீப், 2112 சிசி பூஜோ டீசல், அதற்கு டர்போ வைத்தேன். இதில் கார்ப்ரேட்டர் தொல்லை கிடையாது, கூடுதல் காற்று போனால் என்ஜினுக்குச் சந்தோஷம்தான். அரை பார் பூஸ்டுக்கு மேல் போகக் கூடாது என்று பட்டறையில் முதலிலேயே பேசிவிட்டேன்.

எல்லோரும் டர்போவைப் பற்றியே கேட்கிறார்கள், வேலை இருப்பதென்னவோ ஆயில் லைனில். பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி போட்டு டர்போவுக்கு ஆயில் எடுத்தார்கள், அது சுலபம். திரும்பி வருகிற குழாய் தடியாக இருக்க வேண்டும், எங்கேயும் மேலே ஏறாமல் நேராக என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கு இறங்க வேண்டும். எனக்கு மெல்லிய குழாயைப் போட்டுவிட்டார்கள், ஆயில் தேங்கி சீல் வழியாகக் கசிந்து சைலன்சரில் நீலப் புகை. என்ஜின் ரிங் போய்விட்டது என்று பயமுறுத்தாத ஆள் இல்லை. குழாயை மாற்றியதும் நின்றுவிட்டது. ஏற்றம் முடிந்து நிறுத்தினால் கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டுமென்று டீசல் அளவைக் கூட்டும் பம்ப் ஸ்க்ரூவைத் திருகக் கை அரிக்கும், தொடாதீர்கள், டீசல் கூடினால் சூடும் கூடும், அப்புறம் ஹெட் கேஸ்கட்டோடு போகுமா பிஸ்டனோடு போகுமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

——

என் தம்பி இதே மாதிரி ஜீப்பில் ஸ்கார்பியோவின் 2.2 எம்ஹாக் என்ஜினை இறக்கினான். கம்ப்யூட்டர் சொல்படி டீசலைப் பீய்ச்சும் இந்தக் காமன் ரயில் என்ஜினைத் தனியாக வாங்கினால் அது வெறும் இரும்புதான். ஈசியு என்கிற அந்தக் கம்ப்யூட்டர், வயரிங், ஆக்சிலேட்டர் பெடல், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரோடு பேசுகிற சாவி, எல்லாம் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். என்ஜினை உட்கார வைத்ததைவிட வயரிங்கில்தான் பையன் இளைத்தான். இழுவையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஆனால் எஸ்டேட்டுக்குள் மட்டும்தான் ஓடுகிறது.

காரணம், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. அம்பாசடர்காரரே, ஆர்.சி.யில் 1489 என்று இருக்க உள்ளே 1817 ஓடினால், நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது என்ஜின் நம்பரைத்தான். கம்பெனியே போட்ட என்ஜின் என்கிற வாதம் அங்கே எடுபடுமா?

——

நியாயமான கேள்வி. ஆர்டிஓவில் எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. மலை ஏற்றிப் பார்த்ததோடு சரி, வண்டி இப்போது வீட்டை விட்டுப் போவதில்லை. பழைய என்ஜினையும் விற்கவில்லை, கிரீஸ் பூசி வைத்திருக்கிறேன், முடியாது என்று சொன்னால் அதையே திரும்ப இறக்கிவிட வேண்டியதுதான். இதற்கிடையில் இந்த இசுசுவுக்கு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், புதுப்பேட்டையில் காட்டியதெல்லாம் விரிசல் விட்டது.