டெங்குல காய்ச்சல் விட்டப்புறம் ஏன் ஆபத்துன்னு சொல்றாங்க?

தங்கச்சிக்கு டெங்கு, இன்னிக்கு அஞ்சாவது நாள், காய்ச்சல் விட்டுடுச்சு, அப்பாடான்னு இருந்தோம், ஆனா டாக்டர் இப்பதான் கவனமா இருக்கணும்னு அட்மிட் பண்ணிட்டார். பிளேட்லெட்டை விட ஹெமடோகிரிட் (ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு பங்குன்னு காட்டற அளவு) ஏறுறதுதான் கவலைன்னார், ரத்தக்குழாய் லீக் ஆகுமாம். வைரஸ் குழாய்ல ஓட்டை போட்டுடுமா?

பதில் 1:
ஓட்டை இல்லைங்க. ரத்தக்குழாய் உள்பக்கம் வழவழன்னு சர்க்கரைச் சங்கிலியால ஆன ஒரு பூச்சு இருக்கும், கிளைகோகேலிக்ஸ்னு பேரு. டெங்கு பிடிச்ச செல்லுங்க என்எஸ்1னு ஒரு புரதத்தை ரத்தத்துல விடும் (முதல் சில நாள்ல எடுக்கற டெஸ்ட் தேடுறதும் இதத்தான்), அது குழாய் செல்லுல ஒட்டி, அந்த செல்லோட சொந்த என்சைம்களையே தூண்டிவிட்டு பூச்சை அரிக்க வெச்சிடும். நம்ம எதிர்ப்பு செல்லுங்க கக்கற சைட்டோகைன்ங்கற சிக்னல் புரதங்களும் சேர்ந்துக்கிட்டு செல்லுக்கு நடுவுல இருக்கற இணைப்பைத் தளர்த்திடும். தண்ணி கசிஞ்சிடும், சிவப்பணு உள்ளயே நிக்கும், அதனாலதான் ரத்தம் கெட்டியாகி ஹெமடோகிரிட் ஏறுது.

பதில் 2:
நான் நர்ஸ். கசிவு பெரும்பாலும் 24லேருந்து 48 மணி நேரம்தான் இருக்கும்மா. விடாத வயித்துவலி, ஓயாத வாந்தி, கை கால் ஜில்லுன்னு ஆகறது, யூரின் குறையறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே கூப்பிடுங்க. ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் குடுத்துடாதீங்க. டிரிப்ஸ் ஜாஸ்தி ஏத்தச் சொல்லியும் கேக்காதீங்க, கசிஞ்ச தண்ணி திரும்ப ரத்தத்துக்கு வர்றப்ப நுரையீரல்ல தேங்கி மூச்சுத்திணறல் வந்துடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. இப்ப அவ விரலைத் தொட்டுப் பாத்தேன், கதகதப்பாதான் இருக்கு. யூரின் அளவு எழுதி வைக்கறேன்.