புது மூக்குத்திக்கு மஞ்சளா, சேலைனா? தீர்த்தம் வேற வருது

களுவாஞ்சிக்குடிப்_புள்ள
போன கிழமை மட்டக்களப்பு டவுன்ல மூக்குக் குத்தினன். ஊசியால குத்தி, டைட்டேனியம் எண்டு சொல்லி சின்னக் கல்லு வெச்ச மூக்குத்தி போட்டு விட்டாங்க. குத்தின அக்கா சொன்னது இவ்வளவுதான்: நாளைக்கு ரெண்டு தரம் சேலைனால கழுவு, வேற ஒண்டும் பூசாத, கையால தொடாத. வீட்ட வந்தா அம்மம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைச்சு வெச்சுக்கொண்டு இரிக்கா. பூசாட்டி சீழ் கட்டுமாம். காலையில எழும்பினா மூக்குத்தியச் சுத்தி வெள்ளையும் இளமஞ்சளுமாப் பொருக்குக் காஞ்சிரிக்கு. இது சீழேதான் எண்டுறா.
மற்றது, ஆடி அமாவாசைக்கு திருக்கோவில் எண்ட ஊர்க் கோயிலுக்குப் போகணும். அப்பா தவறின பிறகு அவருக்காகப் பிடிக்கிற முதல் விரதம் இது. கடல்ல முழுகாம வர ஏலாது எண்டு அம்மா சொல்லுறா. நான் என்ன செய்யுற?

மட்டுநகர்_மாமி
அம்மம்மா சொல்லுறதக் கேளு மகள். எங்கட குடும்பத்தில மூக்குக் குத்தாத பொம்பிளை இல்ல. பத்தர் வீட்ட வருவார், தங்கக் கம்பியக் கூராக்கி ஒரே குத்து, வளைச்சு விட்டா முடிஞ்சுது. மறுகா மஞ்சளும் எண்ணெயும், கம்பி இல்லாட்டி வேப்பம் ஈர்க்கு. ஒருத்தர்ட மூக்கும் அழுகி விழல்ல. இப்ப பாமசியில உப்புத் தண்ணியக் காசு குடுத்து வாங்கச் சொல்லுறாங்க. உப்புத் தண்ணிதான் மருந்தெண்டா கடல் என்ன தேத்தண்ணியா? போய் முழுகு. தீர்த்தமும் ஆச்சு, மருந்தும் ஆச்சு.

வெள்ளைச்_சப்பாத்து
மாமி, காயம் கழுவுறதுதான் என்ட வேலை, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன். சேலைன்ல ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு. நம்மட உடம்புத் தண்ணிட உப்பும் கிட்டத்தட்ட அதே அளவு, அதால எரியாது, தசை காயாது. கடல் தண்ணியில ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம். நாலு மடங்குக்குக் கிட்ட. அதோட கடல்ல கிருமி இரிக்கு, தீர்த்தத்தண்டு ஆயிரக்கணக்கில சனம் ஒரே இடத்தில முழுகுது. வாவி எண்டா இன்னும் மோசம், தண்ணி ஓடாம நிக்கும். ஒரு கிழமைத் துளை திறந்த காயம், அதுக்குக் கடலும் வேணாம் வாவியும் வேணாம்.
தங்கச்சி, அந்தப் பொருக்கு சீழ் இல்ல. காயத்தில ஊறுற நிணநீர் காத்துப் பட்டுக் காய்ஞ்சது. ஆறுற துளையில அது வரத்தான் செய்யும். நகத்தால கிள்ளாதீங்க. சேலைன்ல நனைச்ச கோஸ் துண்ட ரெண்டு மூணு நிமிஷம் ஒத்தி வெச்சா ஊறித் தானா விடும். பஞ்சு வேணாம், நூல் பிரிஞ்சு மூக்குத்தியில சுத்தும்.
பச்சையாவோ கடும் மஞ்சளாவோ தடிப்பா வந்து, நாறி, சுத்தி வரச் சூடாகி, சிவப்பு கன்னத்துப் பக்கம் பரவி, காய்ச்சலும் காஞ்சா அது கிருமி. அப்ப வைத்தியரிட்டப் போகணும், மூக்குத்தியக் கழட்டிப்போட்டுப் போகக் கூடாது. கழட்டினா வாய் மூடிச் சீழ் உள்ளுக்குள்ளயே கட்டும்.

பாசிக்குடா_வெயில்
மஞ்சள் கட்சி, சேலைன் கட்சி. தேர்தல் எப்ப?

மட்டுநகர்_மாமி
தம்பி சும்மா இரிங்க. சப்பாத்துத் தங்கச்சிக்கு ஒரு கேள்வி. நீங்க ஆஸ்பத்திரிக்கு வாற மூக்கத்தான் பாக்குறீங்க. வீட்டில மஞ்சள் பூசி நல்லா ஆறின மூக்கு உங்களிட்ட வராதே. நாலு புண்ணப் பாத்துப்போட்டு ஊரெல்லாம் புண்ணெண்டு சொல்ல ஏலுமா?

வெள்ளைச்_சப்பாத்து
நல்ல கேள்வி. ஓம், ஆறினது எங்களிட்ட வராது. அதே மாதிரி உங்கட குடும்பக் கதையில ஆறினது மட்டும்தான் வருது. துளை தூர்ந்து போய் ரெண்டாம் தரம் குத்தினவங்க, பக்கத்தில பருத்து இண்டைக்கும் தழும்போட திரியிறவங்க எல்லா ஊரிலயும் இரிக்காங்க, யாரும் அதப் பெருமையாச் சொல்லுறதில்ல.
ஆள் கணக்க விட்டுட்டு பொருளப் பாப்பம். மஞ்சள்ல இரிக்கிற குர்குமின் ஆய்வுகூடத்தில கிருமிய அடக்குது எண்டது உண்மைதான். ஆனா அது தண்ணியில சரியாக் கரையாது. நீங்க பூசுறது மருந்து இல்ல, தூள். அந்தத் தூள் துளைக்குள்ள போய் மணல் மாதிரி நிக்கும், உடம்பு அத வெளிய தள்ளப் பாக்கும், வீங்கும். எண்ணெய் அதுக்கு மேல மூடி போட்ட மாதிரி. உங்கட அம்மா கிழங்கு வாங்கி அம்மியில அரைச்சிருப்பா. இப்ப பைக்கற்றில வாறது என்னெண்டு யாருக்குத் தெரியும்? 2020ல இறக்குமதிய மறிச்சு விலை எங்கயோ ஏறினப்ப மாக் கலந்து வித்துப் பிடிபட்டது மறந்து போச்சா?

மட்டுநகர்_மாமி
அது யாவாரிட குற்றம், மஞ்சள்ட குற்றம் இல்ல.

பட்டறைப்_பொடியன்
எங்கட அப்பா காரைதீவில நகைத்தொழில். மூக்கும் காதும் குத்தித்தான் வளந்த வீடு. மாமி சொன்னதில பாதி சரி எண்டுறன், ஆனா அந்தப் பாதி மஞ்சள் இல்ல.
அந்தக் காலத்துக் குத்து ஏன் ஆறினது? கூரான 22 கரட் தங்கக் கம்பி, ஒரே குத்து, குத்தின கம்பியே உள்ள நிக்கும், ரெண்டாவது சாமான் நுழையுறதில்ல. இப்ப சில பியூட்டி பார்லர்கள்ல துவக்கு மாதிரி ஒண்டால அடிக்கிறாங்க. ஊசி தசைய வெட்டும், துவக்கு மொட்டைக் கம்பிய நெரிச்சுத் தள்ளும். மூக்குத் தசை காதுச் சோணை மாதிரிப் பஞ்சில்ல, நசிஞ்சு போகும். அந்தத் துவக்கின்ர உடம்பு பிளாஸ்ரிக், கொதி நீராவியில வெச்சுக் கிருமி கொல்ல ஏலாது. ஸ்பிரிட்டால துடைச்சுப்போட்டு அடுத்த ஆளுக்கு அடிக்கிறது. அதுக்குப் பிறகு சேலைன் ஊத்தினா என்ன, மஞ்சள் பூசினா என்ன?

வெள்ளைச்_சப்பாத்து
இதுக்கு ஒரு வரி கூட்டுறன். ஹெப்படைட்டிஸ் பி எண்டது ரத்தம் பட்ட ஊசியாலயும் தொத்துற ஈரல் நோய், அதுக்குத் தடுப்பூசி நம்மட நாட்டில குழந்தைகளுக்கு 2003லதான் தொடங்கினது. அதுக்கு முதல் பிறந்த நாங்க, தனியாப் போட்டிருந்தா ஒழிய, காப்பில்லாத ஆக்கள். ஊசி புதுசா, பைக்கற்றை முன்னால வெச்சுப் பிரிக்கிறாங்களா எண்டு கேக்க வெக்கப்படாதீங்க.
ஆனா தங்கத்தில உங்களோட ஒத்துப்போக மாட்டன். துளையிடுறவங்கட சங்கம் ஒண்டு அமெரிக்காவில இரிக்கு, அவங்க புதுத் துளைக்கு 18 கரட்டுக்கு மேல வேணாம் எண்டுறாங்க. 22 கரட் மெது, கீறல் விழும், கீறலுக்குள்ள அழுக்கு நிக்கும்.

பட்டறைப்_பொடியன்
அக்கா, அமெரிக்காவில 22 கரட் யார் போடுறாங்க? நூத்துக்கு 91.6 பங்கு தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். தோலச் சொறிய வைக்கிற நிக்கல் அதுக்குள்ள இல்ல. நிக்கல் பயம் கவரிங்குக்கும் சில வெள்ளைத் தங்கத்துக்கும்தான், அதப் புதுத் துளைக்குப் போடுறவங்கள ஏசுங்க, நானும் சேந்து ஏசுறன். நல்லா மெருகு போட்ட கம்பியில சும்மா கீறல் விழாது.
என்ட பயம் வேற. சுரை, பின்னால திருகிப் பூட்டுற சாமான். திருகுற மூக்குத்தின்ர கம்பியில புரி வெட்டியிரிக்கும். அந்தப் புரி பச்சைக் காயத்துக்குள்ளால ஏறி இறங்கினா அரம் போட்ட மாதிரி. அதாலதான் அப்பா முதல் தரம் வெறும் கம்பி வளையம் மட்டும் போடுவார், கல்லு மூக்குத்தி பிறகு. சனம் கேக்காது. கலியாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும், கல்லுத்தான் வேணும், விழுந்திடும் எண்டு சுரைய வேற இறுக்கித் திருகுவாங்க. மூக்கு வீங்குறப்ப சுரை உள் தசைக்குள்ள புதைஞ்சு, மேல தோல் படர்ந்து வந்தவங்களயும் பாத்திரிக்கன். கம்பி கொஞ்சம் நீளமா இரிக்கணும், வீக்கத்துக்கு இடம் வேணும்.

வெள்ளைச்_சப்பாத்து
சுரையில முழுக்க உங்கட பக்கம். தங்கத்தில இல்ல.

அக்கரைப்பற்று_ராத்தா
நான் நோன்புப் பெருநாள் கழிச்சுக் குத்தின. ஒரு நாளைக்கு அஞ்சு வேளை ஒளுச் செய்யக்குள்ள மூக்குக்குள்ள தண்ணி ஏத்திச் சிந்த வேணும். கழுவக் கழுவ நல்லம்தானே எண்டு உம்மம்மா சொல்றா. சரியா?

வெள்ளைச்_சப்பாத்து
சுத்தமான பைப் தண்ணி எண்டா பயப்பட ஒண்டுமில்ல ராத்தா. விரல உள்ள விட்டுக் கிண்ட வேணாம், சிந்தக்குள்ள மூக்க நெரிச்சுப் பிடிக்க வேணாம். பிறகு ஈரத்த ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. துவாய் வேணாம், அதுட நூல் மூக்குத்தியில கொழுவி இழுத்தாத் தெரியும் வலி. டிசுப் பேப்பர் போதும். கிணத்துத் தண்ணி எண்டா கொதிக்க வெச்சு ஆத்துங்க.

ஒலுவில்_காத்து
எனக்கு மூணாம் மாசம். மூக்குத்திக்குப் பக்கத்தில சிவப்பா ஒரு மணி எழும்பியிரிக்கு, மிளகளவு. கூட்டாளி ஒருத்தி கீலோயிட், அடங்காம வளர்ற தழும்பு எண்டு பயமுறுத்துறா. நான் மூக்குத்திய நாளும் சுத்தி விடுறன், ஒட்டாம இரிக்கட்டும் எண்டு.

மட்டுநகர்_மாமி
மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் போடு, ராவைக்கு வைச்சா விடிய வத்தும்.

வெள்ளைச்_சப்பாத்து
மாமி, இதில நான் கெஞ்சிக் கேக்குறன், சுண்ணாம்பு வேணாம். சுழுக்குப் பிடிச்ச காலுக்குப் போடுறது வேற, ஓட்டை இருக்கிற மூக்குக்குப் போடுறது வேற. தோல் வெந்து போகும்.
ஒலுவில், சுத்துறத இண்டையோட நிப்பாட்டுங்க. ஒவ்வொரு சுத்தும் புதுசா வளர்ற தோலக் கிழிக்குது, காய்ஞ்ச பொருக்கையும் உள்ள இழுத்துக்கொண்டு போகுது. துளையோட ஒட்டி, சின்னதா, சிவந்து, தொட்டா நோகுற மணி அனேகமா உரசல்ல வாறது. உரசல் நிண்டா மெல்ல வத்தும். கீலோயிட் துளைட எல்லையத் தாண்டிப் படரும், தானா வத்தாது. நம்மட நிறத்துக்காரருக்கு அது கொஞ்சம் கூட வரும், குடும்பத்தில ஆருக்கும் இரிந்தா இன்னும் கூட. வளந்துகொண்டு போனா தோல் வைத்தியரிட்டக் காட்டுங்க. எதுவா இரிந்தாலும் பிதுக்காதீங்க. மூக்குப் பக்கத்து ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால மூளைக்குக் கிட்டப் போய்ச் சேருது, அந்த இடத்தில பிதுக்கிக் கிருமி ஏறினா விளையாட்டில்ல.
ஸ்கூட்டி ஓடுறீங்களா? முழு முகத்தையும் மூடுற ஹெல்மற் எண்டா போடக்குள்ளயும் கழட்டக்குள்ளயும் கன்னத்துப் பஞ்சு மூக்குத்தியத் தட்டுதா எண்டு பாருங்க. சில மணிக்கு அதுதான் காரணம்.

ஒலுவில்_காத்து
ஹெல்மற் தட்டுது அக்கா. ஒவ்வொரு நாளும்.

பாசிக்குடா_வெயில்
சேலைன் போத்தல் பெரிசு, அரை லீற்றர். திறந்தா எத்தனை நாள் வைக்கலாம்? வீட்டில கலந்தா என்ன?

வெள்ளைச்_சப்பாத்து
அதுல பழுதாகாம வைக்கிற மருந்து ஒண்டுமில்ல. திறந்தா ஒரு நாள்தான், மிச்சத்தக் கொட்டுங்க. பாமசியில சின்னப் பிளாஸ்ரிக் குப்பியில வாறதக் கேட்டுப் பாருங்க, வீண் போகாது. அதுவும் கிடைக்காட்டி கொதிச்சு ஆறின தண்ணி ஒரு கோப்பை, தேக்கரண்டியில கால்வாசி உப்பு, அதுக்கு மேல ஒரு கல்லும் வேணாம். நம்மட கடை உப்பெல்லாம் அயடீன் சேத்தது எண்டு பயப்படுறாங்க, அந்த அளவு சொற்பம். கெடுக்கிறது அயடீன் இல்ல, எரிஞ்சாத்தான் வேலை செய்யும் எண்டு அள்ளிப் போடுறது. டெட்டோல், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் மூண்டும் துளைக்கு வேணாம், வளர்ற தசையையும் சேத்துக் கொல்லும்.

களுவாஞ்சிக்குடிப்_புள்ள
எல்லாருக்கும் நன்றி. ஆனா தீர்த்தம்? அம்மாவிட்ட 35 கிராம் 9 கிராம் எண்டு சொல்ல ஏலாது. அப்பாட விஷயம்.

மட்டுநகர்_மாமி
மகள், அப்பாக்கு முதல் விரதம் எண்டதக் கவனியாம நான் கடலுக்குப் போ எண்டு பகிடி விட்டுட்டன் எண்டு நினைக்காத, கவனிச்சுத்தான் சொன்னன். ஆனா தீர்த்தம் எண்டா மூக்கு முட்ட முழுகித்தான் ஆகணும் எண்டு இல்ல. காய்ச்சல்காரரும் கைப்பிள்ளைக்காரியும் கரையில நிண்டு மூணு கை அள்ளித் தலையில தெளிக்கிறவங்கதானே. பிதுர்க்கடன உன்ட தம்பி இறங்கி முடிக்கட்டும், நீ முழங்கால் மட்டும் நில்லு. அம்மாவிட்ட நான் சொன்ன எண்டு சொல்லு, சப்பாத்துத் தங்கச்சி சொன்ன எண்டு சொல்லாத.

வெள்ளைச்_சப்பாத்து
தலையில தெளிக்கிறது சரி. குப்பிய பேக்கில கொண்டு போங்க, கரை ஏறினவுடன மூக்க ஒருக்கா நனைச்சு விடுங்க. மணல் கையோட முகத்தத் துடைக்காதீங்க.

மட்டுநகர்_மாமி
இப்ப என்ட கணக்குக்கு வா. தூள் வேணாம் எண்டுறாய், விட்டன். கிழங்க நசிச்சு அவிச்சு, துணியில வடிச்ச தண்ணியால வெளிப்பக்கம் மட்டும் கழுவினா?

வெள்ளைச்_சப்பாத்து
தேவையில்ல மாமி.

மட்டுநகர்_மாமி
தேவையில்லையா, கூடாதா? ஒண்டச் சொல்லு.

வெள்ளைச்_சப்பாத்து
வடிச்ச தண்ணி தேவையில்ல. தூளும் எண்ணெயும் கூடாது. மஞ்சள் தண்ணி வெள்ளை மூக்குத்திக் கல்லையும் மஞ்சளாக்கும், அதையும் சொல்லிப்போட்டன்.

மட்டுநகர்_மாமி
கல்லுத்தானே. மூக்குக்கு ஒண்டும் ஆகாதெண்டு ஒத்துக்கொண்டாய், போதும்.

அக்கரைப்பற்று_ராத்தா
பட்டறைத் தம்பி, எத்தனை மாசத்தில தங்கம் மாத்தலாம்? எனக்கு வெளிய நல்லா ஆறிட்டு.

பட்டறைப்_பொடியன்
வெளிய ஆறினதப் பாத்து ஏமாறாதீங்க ராத்தா, தோல் ரெண்டு பக்கத்தாலயும் உள்ளுக்கு வளந்து சந்திக்கணும். நாலு மாசம் ஆவது போகட்டும், ஆறு எண்டா நிம்மதி. மாத்தக்குள்ள குத்தின இடத்துக்கே போங்க, பழசக் கழட்டின கையோட புதுசு ஏறணும். ரெண்டு மணித்தியாலம் சும்மா விட்டுட்டு வந்து நுழையுதில்ல எண்டு அழுதவங்க கனபேர்.

பாசிக்குடா_வெயில்
வலப்பக்கமா இடப்பக்கமா நல்லது?

மட்டுநகர்_மாமி
அதுக்கு வேற திரி துறவுங்க தம்பி. இஞ்ச துறந்தா ஆடி அமாவாசை வந்து போயிடும்.