மேசை ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்தேன், பாதி வேலை மேசையோடுதான்

மூன்று அங்குல ஃபுல் ரேஞ்ச் டிரைவர் (தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எல்லாவற்றையும் ஒரே கோனில் தருவது) ஒரு ஜோடி வாங்கி, மானிட்டருக்கு இரண்டு பக்கமும் வைக்க நானே பெட்டி செய்தேன். ஃபுல் ரேஞ்ச் எடுத்ததற்குக் காரணம் தூரம்தான். காதிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கும் பெட்டியில் தாழ்ந்த ஒலிக்கு வூஃபரும் உச்ச ஒலிக்கு ட்வீட்டரும் தனித்தனியாக இருந்தால், நிமிர்ந்து உட்கார்ந்தாலே இரண்டும் காதுக்கு வந்து சேரும் நேரம் மாறி, ஒன்று விட்டு மற்றது எடுத்துக்கொள்ளும் கிராஸ்ஓவர் பகுதியில் குரலின் நிறம் மாறிவிடும். ஒரே கோன் என்றால் அந்தத் தொல்லை கிடையாது. சத்தம் பத்தாது என்ற பயமும் வேண்டாம். அறையின் எதிரொலியை விட்டுவிட்டால், தூரம் பாதியாகும்போதெல்லாம் 6 டெசிபல் கூடுகிறது.

பெட்டி 12 மி.மீ. பிளைவுட், உள்ளளவு 12 × 20 × 11 செ.மீ., சுமார் 2.6 லிட்டர். போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைக்காத மூடிய பெட்டி. கணக்கு எளிது: டிரைவரின் க்யூடிஎஸ் (கோனின் அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் எண்) 0.5 ஆக இருந்தால், கொள்ளளவை விஏஎஸ் (கோனின் பிடிப்புக்குச் சமமான நெகிழ்ச்சி உள்ள காற்றின் கொள்ளளவு) அளவுக்கே வைத்தால் போதும், பெட்டியோடு சேர்ந்த மொத்த க்யூ 0.7 வந்துவிடும். மூலைகளில் மரப்பசை, டிரைவர் விளிம்பில் ஃபோம் டேப். கோனை மெல்ல அழுத்தி விட்டுப் பார்த்தேன், நிதானமாகத் திரும்பி வந்தது, காற்று கசியவில்லை.

ஆனால் மேசையில் வைத்துக் கேட்டால் பேச்சுக்குரல் உள்ளே போய் ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தது. காது இருக்கும் இடத்தில் மைக் வைத்து அளந்தேன், 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம். பெட்டிக்குள் பஞ்சைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன், பள்ளம் அசையவே இல்லை. அப்புறம் மேசை மேல் தடிமனான ரஜாயை மடித்துப் போட்டேன், பள்ளம் நன்றாகக் குறைந்தது. டிரைவரின் மையம் மேசையிலிருந்து 15 செ.மீ. உயரம், காது 40 செ.மீ. உயரம். நேராக வரும் ஒலிக்கு 65 செ.மீ. பாதை, மேசையில் பட்டு வருவதற்கு 81 செ.மீ. இந்த 16 செ.மீ. வித்தியாசம் சுமார் 1,050 ஹெர்ட்ஸில் அரை அலைநீளம், அங்கே இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ஈக்வலைசரில் ஏற்றி இதை நிரப்ப முடியாது, ஏற்றினால் பட்டு வரும் ஒலியும் சேர்ந்தே ஏறும்.

பெட்டியைப் பின்பக்கம் சாய்ப்பதுதான் வழக்கமான யோசனை. அதில் டிரெபிள் தெளிவானது, பள்ளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் இவ்வளவு சின்னக் கோன் 1,000 ஹெர்ட்ஸில் எல்லாத் திசையிலும்தான் ஒலியைப் பரப்பும். 20 செ.மீ. உயர ஸ்டாண்ட் செய்து ஏற்றியதும்தான் விஷயம் மாறியது. பள்ளம் 480 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிட்டது, ஆழமும் குறைந்தது, பட்டு வரும் பாதை இப்போது 96 செ.மீ. என்பதால் அந்த ஒலிக்கே வலு குறைவு. குரல் பளிச்சென்று முன்னால் வந்து நின்றது, அந்தச் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்!

இன்னொன்று, பேஃபிள் ஸ்டெப், அதாவது தாழ்ந்த ஒலி முகப்பைச் சுற்றிப் பின்னாலும் பரவிவிடுவதால் முன்னால் அது குறைவது. முகப்பு அகலம் 14.4 செ.மீ., 115-ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுத்தால் சுமார் 800 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே 6 டெசிபல் வரை இழப்பு என்பது கணக்கு. பின்னால் சுவர் நெருக்கமாக இருப்பதால் எனக்கு 3 டெசிபல் ஏற்றினாலே போதுமாக இருந்தது. இதற்காகக் காயில் சுற்றி ஃபில்டர் செய்யவில்லை, கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருளில் ஒரு லோ ஷெல்ஃப் (தாழ்ந்த ஒலியை மட்டும் ஏற்றும் அமைப்பு) போட்டுவிட்டேன்.

உயரமான, ஒல்லியான பெட்டி செய்து டிரைவரை உச்சியில் வைத்தவர்கள் இருந்தால், ஸ்டாண்ட் இல்லாமலே அந்தப் பள்ளம் சரியாகிறதா என்று சொல்லுங்கள். அடுத்த ஜோடிக்குப் பலகை வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்.